பேர் லவால் நடைபயணம்: நட்பு தேடிப் போகிறவர்களுக்கு

செப்டம்பர் 8 வந்தாலே நம்மவர் மனம் வேளாங்கண்ணிக்குப் போய்விடும். மொரீஷியஸில் வேலை பார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அதே இரவில் இங்கேயே ஒரு நடைபயணம் இருக்கிறது. தலைநகர் போர்ட் லூயிஸின் சேன்ட் குருவா பகுதியில் அருளாளர் லவால் அடிகளின் கல்லறை உள்ளது; 'பேர்' என்றால் பிரெஞ்சில் அருள்தந்தை. 1841இல் இத்தீவுக்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளிடையே உழைத்து, 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தவர். அந்த நாளுக்காக முந்தைய மாலையிலிருந்தே ஊர் ஊராக மக்கள் நடந்து வருகிறார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள்.

ஜெபிக்க அருமையான இடம். ஆனால் கல்லறைக்கு மட்டும் தனியாகப் போய் வந்தால் தோழமை கிடைக்காது. வரிசையில் நகர்ந்து, கல்லறையைத் தொட்டதும் பின்னால் நிற்பவருக்கு வழிவிட வேண்டும். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தங்கள் குடும்பத்தோடும் குழுவோடும் வந்தவர்கள். பேச்சும் பழக்கமும் உண்டாவது வழியில்தான், மூன்று நான்கு மணி நேரம் பக்கத்தில் நடக்கும்போது.

ஆகவே ஆகஸ்ட் பாதியிலேயே உங்கள் பங்கில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நடைக் குழு எது என்று விசாரியுங்கள். புறப்படும் நேரம், நிற்கும் இடங்கள், திரும்பும் வண்டி மூன்றையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், ரொட்டி எடுத்து வைக்கும் வேலைக்குக் கை கொடுங்கள். அன்றிரவு மட்டும் வந்து சேருபவர் வரிசையின் கடைசியில் பேச்சுத்துணை இல்லாமல் நடக்க நேரும்.

மொழி தடையாகத் தெரியும். குழுவில் பேச்சு இத்தீவின் மொழியான கிரியோல், ஜெபம் பெரும்பாலும் பிரெஞ்சு. "மோ அபெல்" என்று பெயரைச் சொல்லி, "கி மான்யேர்?" என்று நலம் விசாரித்தாலே முகம் மலரும். ஜெபமாலையில் "ஜெ வூ சாலூ மரி" என்று தொடங்கினால் அது 'அருள் நிறைந்த மரியே'. "சேன்ட் மரி, மேர் தெ தியூ" வரும்போது எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். நீங்கள் தமிழிலேயே 'புனித மரியே' சொல்லலாம், ஓட்டம் தப்பாது. வீராசாமி, பிள்ளை என்று குடும்பப் பெயரைக் கேட்டவுடன் தமிழில் பொழிந்துவிடாதீர்கள். இங்கே பிறந்தவர்கள் பலருக்குத் தமிழ் பேச வராது. அதைச் சொல்ல வேண்டியிருப்பதே அவர்களுக்குக் கூச்சம்.

ரோஸ் ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. கியூர்பிப்பிலிருந்து இருபதுக்குக் குறையாது. கியூர்பிப் மேட்டுநிலம்: செப்டம்பரில் குளிரும் தூறலும் இருக்கும். கீழே இறங்க இறங்க வெக்கை. இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி மெல்லிய மேலங்கி போதும். இறக்கத்தில் கால்விரல் காலணியின் முனையில் இடித்துக்கொண்டே வரும். நகத்தை முன்பே வெட்டி, கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். புதுக் காலணி வேண்டவே வேண்டாம், பாதி வழியில் கொப்புளம் வந்துவிடும்.

பலரும் தவறவிடுவது திரும்பும் வழியை. கல்லறையருகே குழு சிதறும், கைபேசியில் சார்ஜும் தீர்ந்திருக்கும். மறுபடி ஒன்றுகூட ஓர் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசி வையுங்கள். கூடுதல் பேருந்துகளும் சாலை மாற்றங்களும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். மெட்ரோ நேரத்தையும் அப்போதே பாருங்கள். செப்டம்பர் 9 பொது விடுமுறை அல்ல, விடுப்பு கேட்க வேண்டும். கம்பெனி விடுதியில் இருப்பவர்கள் இரவு வெளியே தங்குவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழங்கால் வலியுள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வேறொரு நாள் வருவது நல்லது. கல்லறையருகே அமைதியாக உட்காரலாம்.

அடுத்த ஞாயிறு களைப்பென்று திருப்பலியைத் தவறவிடாதீர்கள். கூட நடந்தவர்கள் அன்று உங்களைத் தேடுவார்கள். அவர்கள் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து, வீட்டு ஜெபக்கூட்டம் எந்தக் கிழமை என்று கேளுங்கள்.