சொதப்பலா, பல்பா?

இரண்டும் மானம் போகிற சமாச்சாரம்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

சொதப்பல் என்பது காரியம் கெடுவது. ஆள் பார்க்க வேண்டும் என்பதில்லை. அடுப்படியில் தனியாக நின்று ரவாவைக் கட்டிதட்ட விட்டாலும் அது சொதப்பல்தான். ‘சொதப்பிட்டான்’ என்று வினையாகவும் வரும்.

பல்பு அப்படியல்ல. அதை வாங்க வேண்டும், யாராவது கொடுக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். மதுரையில் தேனி பஸ்ஸுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் போகாமல் இன்னொரு பஸ் ஸ்டாண்டான மாட்டுத்தாவணியில் போய் இறங்கினால் சொதப்பல். “நமக்குத் தெரியாத மதுரையா?” என்று வழியெல்லாம் சவடால் விட்டு மச்சினனையும் கூட்டி வந்து, அவன் எதிரிலேயே கண்டக்டர், “அண்ணே, தேனிக்கு ஆரப்பாளையம்ல போகணும்” என்றால், அது பல்பு. மச்சினன் சிரிப்பை அடக்கினால் இன்னும் பெரிய பல்பு.

ஆபீஸ் கடிதத்தில் இரண்டுமே ஆகாது, ‘தவறு நேர்ந்துவிட்டது’தான். பேச்சில் என் ஓட்டு பல்புக்கே. ஆனால் மாமனாரிடம், “மாமா, பல்பு வாங்கிட்டீங்களே” என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே சொதப்பல்கூடக் கொஞ்சம் அதிகம்தான்.