அசல் அளவில் ராட்சதத் தேள்: த்ரீடி பிரிண்ட் எப்படி இருக்கிறது?

ரிச்சி தெருப் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன த்ரீடி பிரிண்ட் கடையில் புல்மோனோஸ்கார்பியஸ் என்ற அழிந்துபோன தேளை முழு அளவில் செய்து வாங்கினேன். வேலை அருமை, பெயிண்ட் சுமார்.

முழு அளவு என்றால் 70 செ.மீ. நம் ஊர் நட்டுவாக்காலி 20 செ.மீ. வளர்ந்தாலே அலறுகிறோம், இன்றிருக்கும் தேள்களில் பெரிய வகைகளில் அதுவும் ஒன்று. புல்மோனோஸ்கார்பியஸ் சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது, ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கிர்க்டன் என்ற சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்தது, 1994இல் ஜெரம் என்ற ஆய்வாளர் விவரித்தார். அங்கே சிறிய தேள்கள்தான் ஓரளவு முழுசாகக் கிடைத்தன, பெரியவற்றின் ஓடு துண்டு துண்டாகத்தான் இருந்தது, அந்தத் துண்டுகளை வைத்துக் கணக்கிட்டதுதான் இந்த 70.

எனக்கு முக்கியம் கண். இணையத்தில் கிடைக்கும் ஃபைல்களில் இன்றைய தேள் மாதிரி பக்கவாட்டில் சின்னப் பொட்டுகளை வைத்துவிடுகிறார்கள். புதைபடிவத்திலோ பல வில்லைகள் சேர்ந்த பெரிய கண்கள் தெரிகின்றன, அதனால்தான் இது பகலில் வேட்டையாடியிருக்கும் என்கிறார்கள். கடையில் டிசைன் பார்க்கும் தம்பியிடம் படத்தைக் காட்டினேன், முகம் சுளிக்காமல் உட்கார்ந்து கண்ணைப் புதிதாக வரைந்து கொடுத்தார். இந்த விலங்கின் நுரையீரல்கூட கல்லில் பதிந்து கிடைத்திருக்கிறது, நிலத்தில் காற்றைச் சுவாசித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதனால் வயிற்றுப் பக்கம் மூச்சுத் துளைகளும் கேட்டேன், அதையும் சுத்தமாகச் செய்திருக்கிறார். இதற்காகவே இந்தக் கடையைத் தாராளமாகச் சொல்வேன்.

ஆனால் ஒன்று. கடையின் சாம்பிள் படங்களில் 'ராட்சதத் தேள்' என்று இன்னொன்றும் இருக்கிறது, அது ஜெக்கலாப்டெரஸ். ஜெர்மனியில் 46 செ.மீ. நீள இடுக்கிக் கொடுக்கு கிடைத்து, உடல் 2.5 மீட்டர் இருக்கும் என்று 2007இல் அறிவித்தார்களே, அதுதான். கடல்தேள் என்று சொன்னாலும் அது நீரில் வாழ்ந்த வேறு இனம், உண்மையான தேள் இல்லை. ஆர்டர் கொடுக்கும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பெயிண்ட் ஹெல்மெட் போலப் பளபளக்கிறது, கிட்டப் போனால் ஓட்டின் மேடுபள்ளமே தெரியவில்லை. பெயிண்ட் இல்லாமல் வாங்கி நாமே பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடித்துக்கொள்வது மேல். அப்புறம், பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம், சென்னை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் வளைந்துவிடும், பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் கேளுங்கள். டூவீலரில் போகிறவர்கள் வாலைத் தனியாகக் கழற்றித் தரச் சொல்லுங்கள், தருகிறார்கள்.