கோர்ட் கவுன்சிலிங்கா, வெளியே மனநல மருத்துவரா?

கோவை குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: கோர்ட் ஆலோசகருக்குக் கட்டணமில்லை. தனியாரிடம் ஒவ்வொரு முறையும் பணம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பது பலருக்கு நினைவே வருவதில்லை.

நோக்கம்: 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டப்படி கோர்ட்டின் முதல் முயற்சி சமரசம். ஊர்ப் பெரியவர்கள் பேசியும் தீராததை மறுபடி பேசவைப்பார்கள். மருத்துவர் உங்களை மட்டும் பார்ப்பார்.

சாட்சியம்: இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாமாக வாங்கிய மருத்துவச் சான்றிதழை எதிர்த்தரப்பு சும்மா விடாது. எழுதிய மருத்துவரையே குறுக்கு விசாரணை செய்யும். மனநோய்க் குற்றச்சாட்டு என்றால், நீதிமன்றமே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கைக்குத்தான் எடை அதிகம்.

சேர்ந்து வாழும் எண்ணம் துளியாவது இருந்தால் கோர்ட் ஆலோசகர் போதும். தூக்கமே போய்விட்டதா? வாய்தாவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.