வார்னிஷ் காயும் நேரத்தில் படித்த அறிவியல் செய்திகள்: பத்து வருஷ அனுபவம்

மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். புதுக் கம்பி சுற்றி அதன்மேல் விட்ட வார்னிஷ் காயும்வரை கைக்கு வேலை இருக்காது, போனில் அறிவியல் செய்தி படிப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றவன், ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் மண்டையில் ஏறாது. செய்தி மட்டும்தான்.

2023 ஜூலை கடைசியில் ஒரு நாள் தூக்கம் போனது. தென்கொரியாவில் எல்கே-99 என்று ஒரு பொருள், சாதாரண வெப்பத்திலேயே மின்தடை இல்லாமல் கரண்ட் கடத்துகிறது என்றார்கள். தடையால்தான் கம்பி சூடாகிறது. கம்பி மேல் பூசிய இனாமல் கருகி மோட்டார் என் கடைக்கு வருவதும் அந்தச் சூட்டால்தான். (செய்தி நிஜமானால் என் பிழைப்பு போச்சு என்பதும் கூடவே உறைத்தது.) வீடியோவை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்படிப்பட்ட பொருள் காந்தத்தின் மேல் மிதக்கும், அதுதான் ஆதாரம் என்றார்கள். காந்தத்தின் மேல் கறுப்பாக ஒரு சில்லு. ஒரு ஓரம் தூக்கி நிற்கிறது, மறு ஓரம் காந்தத்தை விடவே இல்லை. மிதப்பது என்றால் முழுசாக அல்லவா மிதக்க வேண்டும்?

மூன்று நாலு வாரத்தில் சாயம் வெளுத்தது. கொரியாக்காரர்கள் அளந்தபோது மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த காப்பர் சல்பைடு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாமல் வளர்த்த படிகம் ஊதா நிறத்தில் இருந்தது, கரண்டே கடத்தவில்லை. முதல் செய்தியை எனக்கு அனுப்பிய ஏழெட்டுப் பேரில் ஒருத்தர்கூட இதை அனுப்பவில்லை.

அந்த அடிக்குப் பிறகு பழைய செய்திகளைத் தோண்டிப் படித்தேன். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் அணு இணைவு, அதாவது அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்த்து ஆற்றல் எடுப்பது: 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசரைக் கிளப்ப லைனிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். மோட்டாருக்கு எபிசியன்சி பார்க்கிறவன் இன்புட்டை எங்கே அளந்தாய் என்றுதான் முதலில் கேட்பான். தலைப்பு எழுதுகிறவர்கள் கேட்பதில்லை.

நல்லதும் உண்டு. 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் செய்தி. 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 3.1 சதவீதம் வாய்ப்பு என்று ஏறி, சில நாளிலேயே கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. முதலில் கல் எங்கே வரும் என்பதற்குப் பெரிய வட்டம் போடுகிறார்கள். பார்க்கப் பார்க்க வட்டம் சுருங்குகிறது. பூமி அதற்குள் இருக்கும்வரை சதவீதம் ஏறும், வெளியே வந்ததும் படுத்துவிடும். பொறுமையாகப் பின்தொடர்ந்தால் இப்படி ஒரு விஷயம் விளங்குகிறது. பத்து வருஷத்தில் காசுக்கு ஈடான செய்தி என்றால் இதைத்தான் சொல்வேன்.

அப்போது கிணற்று மோட்டார் கொண்டுவந்த ஒருவர் கேட்டார், "ஏண்ணே, 2032-ல கல்லு விழுதாமே?"

விழாது, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்றேன்.

"அப்ப கம்பி நல்ல கம்பியாவே போட்டுருங்க."