சக்கரம் வைத்த மர அறுவை மில் வாங்கப் போகிறவர்களுக்கு

நடமாடும் மர அறுவை இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டு நீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஆனால் அதே பச்சை நிற இயந்திரம் வேறு பெயர்ப்பலகையோடு சென்ற மாதம் ஒரு விவசாயக் கண்காட்சியில் நின்றது. சுற்றிலும் நல்ல கூட்டம். முன்பணம் கட்டும் வரிசையும் இருந்தது. பேசாமல் வர மனம் வரவில்லை.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், பலாவுக்குப் பெயர்போன கீரமங்கலம், வடகாடு பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வட்டாரத்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. தலைமுறை கண்ட பலா, வேம்பு, வாகை எல்லாம் விறகு விலைக்குப் போயின. வைரம் பாய்ந்த பலாவை வண்டியேற்றி மில்லுக்குக் கொண்டுபோகும் செலவு மரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. மரம் கிடக்கும் இடத்துக்கே மில் போனால் என்ன என்ற யோசனை அப்போது பிடித்தது. யோசனையில் குறையில்லை. வெளிநாடுகளில் இந்த மாதிரி இயந்திரங்கள் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. இவற்றில் அறுப்பது பேண்ட்சா, அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம். அதன் பிளேடு மெல்லியது. ஒரு அறுப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மரம் தூளாகும், வட்ட ரம்பத்தில் போவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நல்ல மரத்தில் அது பணம்.

நான் வாங்குவதற்கு முன் ஒரு கண்காட்சியில் அவர்கள் காட்டிய செய்முறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏமாற்றின் மையம் அதில்தான் இருக்கிறது. பந்தலுக்குள் மலைவேம்புக் கட்டை ஒன்று வைத்திருந்தார்கள். பச்சை மரம், ஒரு அடி விட்டம்கூட இருக்காது. புதுப் பிளேடு. அறுத்தார்கள், பலகை கண்ணாடி போல வந்தது. விற்பனையாளர் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்கள் அண்ணே" என்றார். புளியோ வேம்போ அறுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "கண்காட்சிக்குள் பெரிய மரம் ஏற்ற அனுமதியில்லை அண்ணே, உங்கள் தோட்டத்துக்கே வந்து அறுத்துக் காட்டுகிறோம்" என்று பதில். தோட்டத்துக்கு வந்தது இயந்திரமும் அதை இறக்கிவைத்த லாரி ஓட்டுநரும் மட்டும்தான்.

முதலில் ஏற்றியது காய்ந்த பலா, இரண்டு அடி விட்டம். கால்வாசி தூரம் போனதும் என்ஜின் திணறியது. தள்ளுவதை நிறுத்தினால் மூச்சு வாங்கும், தள்ளினால் பிளேடு மரத்துக்குள்ளேயே மேலும் கீழும் அலையும். வெளியே வந்த பலகையின் இரு முனையும் ஒரு அங்குலம், நடுவில் அரை அங்குலம். எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். எதுவும் பேசாமல் பையிலிருந்து நூலை எடுத்துப் பலகையின் மேல் இழுத்துப் பிடித்தார். நூலுக்கும் மரத்துக்கும் இடையில் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. "இதில் கதவு செய்ய முடியாது தம்பி, கோழிக்கூண்டுக்கு வைத்துக்கொள்" என்றார். அந்தப் பலா என்னுடையது என்பதால் நஷ்டம் என்னோடு போயிற்று. அடுத்த தெரு பெரியவர் ஒருவரின் வாகைக்கும் அதே கதிதான், அவருக்கு மரத்தின் விலையைக் கையிலிருந்து கொடுத்தேன்.

தொலைபேசியில் கேட்டபோது பிளேடு மழுங்கியிருக்கும் என்றார்கள். மழுங்கிய பிளேடு அலையும் என்பது உண்மைதான். பல் விரிப்பு (பற்கள் இரு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்தாலும், இழுவிசை போதாவிட்டாலும், வேகமாகத் தள்ளினாலும் அலையும். எல்லாவற்றையும் சரிபார்த்தேன், புதுப் பிளேடுகளும் வாங்கினேன், அதுவும் அவர்களிடமே. பிறகு புதுக்கோட்டையிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரரை அழைத்துவந்தேன். அவர் செய்த முதல் வேலை, என்ஜின் மேல் பெரிதாக ஒட்டியிருந்த '13 எச்பி' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தது. அடியில் தயாரிப்பாளரின் தகடு இருந்தது. அதில் 6 கிலோவாட் என்று பொறித்திருந்தது. ஒரு எச்பி என்பது 0.746 கிலோவாட். கணக்குப் போட்டால் எட்டு எச்பி. ஐந்து குதிரைகள் ஸ்டிக்கரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்து பிளேடு ஓடும் சக்கரங்கள். ஒரு பென்சிலை விளிம்பின் அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஓரிடத்தில் பென்சில் உரசியது, எதிர்ப்புறத்தில் நல்ல இடைவெளி. சக்கரமே வட்டமாக இல்லை. அப்படியிருந்தால் பிளேடின் இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் கூடும், குறையும். பற்களின் அடிக்குழியில் மயிரிழைபோல் வெடிப்பு விடும். என் பிளேடுகள் அங்கேதான் விட்டிருந்தன. இரண்டு பிளேடுகள் வெல்டிங் ஒட்டுக்கு அருகே அறுந்தன. ஒட்டிய பிறகு பதமாகச் சூடேற்றி ஆறவிடாத எஃகு அப்படித்தான் கண்ணாடிச் சில்லுபோல் முறியும் என்றார். ஓடும்போது அறுந்த ஒன்று, மெல்லிய தகரத்தாலான மூடியைத் திறந்துகொண்டு வெளியே வந்து விழுந்தது. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ரம்பம் நகர்ந்து ஓடும் தண்டவாளமும் பித்தலாட்டம். கண்காட்சியில் நின்றதன் அடியில் கனமான ஆங்கிள் இரும்பு இருந்தது, படம் எடுத்துவைத்திருக்கிறேன். எனக்கு வந்தது இரண்டு மில்லிமீட்டர் தகட்டை மடித்துச் செய்தது. கட்டையை ஏற்றினால் நடுவில் தொய்கிறது. தண்டவாளம் தொய்ந்தால் ரம்பமும் தொய்ந்த வழியேதான் போகும், பலகை எப்படி நேராக வரும்?

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புயலில் விழுந்த தென்னையை இதில் அறுத்து உத்திரமும் ரீப்பரும் ஆக்கி விற்கலாம் என்பது அவர்களின் இன்னொரு பாட்டு. தென்னை, பனை இரண்டுக்கும் வெளிப்பகுதிதான் கெட்டி, உள்ளே சோறு. அந்த வெளிப்பகுதி சாதாரணப் பிளேடின் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். அதற்குக் கடின உலோக முனை வைத்த பற்கள் வேண்டும். அந்தப் பிளேடு வேண்டும் என்று கேட்டேன், அப்படியொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இனி உரிமம். "சக்கரம் வைத்தது அண்ணே, டிராக்டர் மாதிரிதான். மில் என்றால்தான் லைசென்ஸ்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் விற்பனையாளர். பச்சைப் பொய். காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்த காலத்திலிருந்தே மர அறுவை ஆலைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல்களிலும், மின்சாரத்தாலோ இயந்திர விசையாலோ உருட்டுக்கட்டையை அறுத்துப் பலகையாக்கும் அமைப்பு அறுவை ஆலைதான். சக்கரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தபோது ஒரு நிமிடத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பம் கொடுத்துவிட்டு, ஓட்டுவதை நிறுத்தியிருக்கிறேன். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது தனி. போகிற இடத்திலெல்லாம் கிடைத்ததை அறுத்துத் தள்ளுகிற தொழில் இல்லை இது.

மோட்டார் வைத்த ரகமும் வைத்திருக்கிறார்கள். அதை விவசாய இலவச மின் இணைப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்திலிருந்த ஒருவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பம்புசெட்டுக்குக் கொடுத்த இணைப்பில் மரம் அறுத்தால் மின்வாரியம் அபராதம் போடும். விற்றவரா வந்து கட்டப்போகிறார்?

பில் விஷயம்தான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. நான் கொடுத்தது மூன்றரை லட்சம். பில் வந்தது இரண்டு லட்சத்துக்கு. மீதி 'ஏற்றுக்கூலி, பொருத்துக்கூலி' என்று ரொக்கமாக வாங்கியது. மரவேலை இயந்திரங்களுக்கு ஜிஎஸ்டியில் 8465 என்று தொடங்கும் எண் உண்டு. என் பில்லில் அது இல்லை, 'விவசாயக் கருவி' என்று மட்டும் இருந்தது. வரி குறையும் என்று எனக்குச் சலுகைபோலச் சொன்னார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் வந்த பதில் என்ன தெரியுமா? 'நாங்கள் மனுதாரருக்கு மர அறுவை இயந்திரம் எதையும் விற்கவில்லை. விற்றது விவசாயக் கருவி. அதில் மரம் அறுத்ததால் பழுதானது.' இப்படி ஒரு பதிலை யோசித்தவர் பில் போடும்போதே யோசித்திருக்கிறார் என்பது என் முடிவு.

ஆனாலும் வழி அடைபடவில்லை. தொழிலுக்கு வாங்கிய பொருள், ஆகவே இவர் நுகர்வோர் இல்லை என்பது அவர்களின் அடுத்த வாதம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதுமில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நான் புதுக்கோட்டையில்தான் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்துகொண்டேன், அது பிறகு ஆவணமாகப் பயன்பட்டது. கண்காட்சியில் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையில் '13 எச்பி மர அறுவை மில்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பழைய காகிதக்கட்டிலிருந்து அதைத் தேடியெடுத்து மனுவோடு இணைத்தபோது வக்கீல் சிரித்தார்.

இதே இயந்திரத்தை ஏற்கெனவே வாங்கியவர்கள் கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று அவர்கள் இழுத்தடிப்பது அந்தக் கெடு கழியட்டும் என்றுதான். முன்பணம் மட்டும் கட்டியிருப்பவர்கள் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் தோப்பிலிருந்து ஒரு காய்ந்த புளிக்கட்டையை அவர்களின் கிடங்குக்கே ஏற்றிக்கொண்டு போங்கள். கூடவே நூலும் பென்சிலும் போதும். மரத்தை இறக்க விடமாட்டேன் என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில்.