மாசி, பங்குனியில் ஃப்ளை தூண்டில்: தாமிரபரணி ஆறா, நெல்லைக் குளமா?

ஃப்ளை தூண்டில், அதாவது பூச்சிபோலக் கட்டிய போலி இரையை (ஃப்ளை) கனத்த நூலால் வீசி மீன் பிடிப்பது பற்றி வாசிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டு மலை ஆறுகளை வைத்து எழுதியவை. அங்கே மார்ச் மாதத்தில் பனி உருகி ஓடும் தண்ணீர் 5, 6 டிகிரியில் கிடக்கும். டிரவுட் மீன் இரை தேடி அசையவே நண்பகல் ஆகும். அதனால் "பதினொரு மணிக்கு மேல் போ" என்பார்கள். அதை நம்பி மார்ச் மாத நண்பகலில் சேரன்மகாதேவி ஆற்றில் இறங்கினால் தலைவலிதான் மிஞ்சும். 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நம் ஊரில் மாசி பிறந்த பிறகு மீனுக்கு மூச்சுதான் பிரச்சினை. ஆற்றையும் குளத்தையும் அதை வைத்தே எடை போட வேண்டும்.

அணைகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. தூண்டிலோடு போனால் வழக்குதான். பொதிகை மலையில் டிரவுட்டும் கிடையாது; அதற்கு நீலகிரிக்குத்தான் போக வேண்டும். பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் பொரிக்குத் திரளும், அவையும் கணக்கில் இல்லை.

முதலில் ஆறு. பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் போகும்வரை தாமிரபரணியில் ஓட்டம் இருக்கும். அறுவடை முடிந்து கால்வாய்களை அடைக்கத் தொடங்கினால், பங்குனிக் கடைசியில் குடிநீருக்கு விடுகிற அளவு மட்டுமே ஓடும். ஓட்டம் இருக்கும் நாட்களில் நல்ல இடம் அணைக்கட்டுகளின் கீழ்ப்புறம். கன்னடியன், அரியநாயகிபுரம், சுத்தமல்லி என்று எதுவானாலும் சரி, தண்ணீர் விழுந்து நுரைக்கும் இடத்தில் காற்று கலக்கிறது. அந்த நுரையின் ஓரத்தில், வேகம் தணிந்து தண்ணீர் கண்ணாடிபோல் ஆகும் கோட்டில்தான் கெண்டை நிற்கும். அணைக்கட்டின் கரைச்சுவரை ஒட்டி நிற்காமல் இருபதடி கீழே தள்ளி நின்று, ஓட்டத்துக்கு எதிராகச் சாய்வாக வீச வேண்டும். விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரைதான் நேரம்.

ஆற்றுக்கு 5-ஆம் எண் ராடு (எண் கூடினால் பலம் கூடும்), 9 அடி நீளம், மிதக்கும் லைன் (வீசும் கனத்த நூல்), 9 அடி லீடர் (லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு), நுனி 0.18 மி.மீ. மணி வைத்த நிம்ஃப் (நீர்ப்பூச்சிப் புழுபோலக் கட்டிய ஃப்ளை), 14 அல்லது 16-ஆம் எண் தூண்டில் முள்ளில்; முள்ளில் எண் கூடினால் அளவு குறையும். இங்கே பலர் சறுக்குவது முள்ளின் அளவில். கெண்டையின் வாய் சிறியது. 10-ஆம் எண் முள்ளைப் போட்டால் கொத்து விழுந்துகொண்டே இருக்கும், மீன் ஏறாது. அடுத்த கோளாறு, நடு ஓட்டத்தில் லைன் வில்லாக வளைந்து ஃப்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவது. தண்ணீரைவிட வேகமாகப் போகும் பூச்சியைக் கெண்டை நம்பாது. லைன் விழுந்த உடனே ராடு நுனியால் அந்த வளைவைத் தூக்கி மேல்பக்கமாகப் புரட்டிப் போட வேண்டும். ஓட்டம் பலமாக இருந்தால் இரண்டு தடவை.

ஆற்றின் ஆபத்து கசம். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீரிலிருந்து ஒரே எட்டில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் வரும். கம்பு ஊன்றிப் பார்க்காமல் கால் வைக்கக் கூடாது. மேலே திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்து மட்டமும் சட்டென்று ஏறும். தெளிவாக ஓடிய தண்ணீரில் சருகும் வைக்கோலும் மிதந்து வரத் தொடங்கினால், ஃப்ளை எங்கே கிடந்தாலும் சரி, கரையேறிவிடுங்கள்.

குளத்தில் நேரமே வேறு. பாசி மண்டிய குளத்தில் பாசியும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. விடியும் முன்தான் அது ஆகக் குறைவாக இருக்கும். அப்போது கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மீன் பூச்சி மேய்கிறது என்று நினைத்துப் புதியவர்கள் ஒரு மணி நேரம் வீசிக்கொண்டே இருப்பார்கள். அது மேய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல். எதைப் போட்டாலும் தொடாது. வெயில் விழுந்து பாசி வேலை செய்யத் தொடங்கி, எட்டு மணிக்கு மேல்தான் கொத்து ஆரம்பிக்கும். பத்து மணிக்குக் கரையேறி, மாலை நாலரைக்குத் திரும்பி வரலாம்.

விராலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது மேலே வந்து காற்றை நேராக விழுங்கும் மீன். பங்குனியில் மற்ற மீன்கள் சோர்ந்து கிடக்கும்போதும் அது இரைக்குப் பாயும். ஆகாயத்தாமரைக்கு நடுவே 'பொளக்' என்று ஒரு சத்தமும் ஒரு வளையமும் தெரிந்தால், அதைத் தாண்டி மூன்றடி தள்ளி வீசி, மயிர்த் தவளையை (மயிரால் கட்டிய தவளை வடிவ ஃப்ளை) இலைமேல் ஏற்றி, சின்னச் சின்னதாக இழுத்து, திறந்த தண்ணீர் வந்ததும் நிறுத்த வேண்டும். அடி விழுந்த சத்தத்துக்கே ராடைத் தூக்கினால் தவளை மட்டும் பறந்து வரும். லைனில் பாரம் தெரியும்வரை பொறுத்து, ராடைத் தண்ணீரை நோக்கியே வைத்துக்கொண்டு, இடது கையால் லைனைச் சுண்டி இழுங்கள். வாய் எலும்பு என்பதால் முள்ளை அரம் போட்டுக் கூராக்கியே ஆக வேண்டும். இதற்கு 8-ஆம் எண் ராடு, 6 அடி லீடர், 0.45 மி.மீ. நரம்பு. 5-ஆம் எண் ராடோடு போனால் விரால் வேருக்குள் புகுந்துவிடும், அவ்வளவுதான். சிவப்புக் குஞ்சுக் கூட்டம் நகர்வது தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும் விரால் கோபத்தில் கட்டாயம் கடிக்கும். அதை எடுத்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.

குளத்தில் வேறு தொல்லைகள். கரையில் உடைமரம் நிற்கும். பின்னால் வீசிய லைன் முள்ளில்தான் மாட்டும். பின்வீச்சே இல்லாத ரோல் காஸ்ட் தெரியாமல் வரப் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் வற்றிய விளிம்பில் கரம்பை மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், உள்ளே முழங்கால் சேறு. மடைக் கல்லிலோ மறுகால் சுவரிலோ நிற்பதே உத்தமம். மீன்பாசி (குளத்து மீன் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் எந்தக் குளத்திலும் போடாதீர்கள். கட்லாக் குஞ்சு வாங்கி விட்டது அவர் காசு. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் இந்த மாதங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான செலவு லைன். குளிர்நாட்டு டிரவுட் லைன் 35 டிகிரி வெயிலில் இளகி, ராடு வளையங்களில் ஒட்டிக்கொண்டு, முப்பதடிக்கு மேல் போகாது. வீசுகிறவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். வெப்ப நாட்டுக்கென்று விற்கும் கெட்டி உள்நூல் லைன்தான் வாங்க வேண்டும். குளத்தில் போட்டால் வீடு திரும்பியதும் பாத்திரச் சோப்பு போட்டுத் துடைத்துவிடுங்கள். காய்ந்த பாசி லைனை முழுக வைத்துவிடும்.

எங்கள் தீர்ப்பு: மாசி முழுக்க ஆறு. கால்வாய் அடைத்த பிறகு குளம், அதுவும் விராலுக்காக மட்டும். வற்றிய ஆற்றில் பங்குனிக் கடைசியில் கெண்டையைத் துரத்துவதில் நியாயம் இல்லை. அந்தச் சூட்டில் இழுபட்ட மீன், தண்ணீரில் விட்டாலும் பிழைக்காமல் போகலாம். ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) அந்தத் தயவெல்லாம் தேவையில்லை. ஆற்றோர ஆழமில்லாத இடங்களில் தட்டளவு வட்டக் குழி பறித்துக் காவல் நிற்கும். 10-ஆம் எண் முள்ளில் கட்டிய கறுப்பு வூலி பக்கர் என்ற ஃப்ளையைக் குழிக்கு மேல் மெல்ல இழுத்தால் போதும். அதைத் திரும்ப விட வேண்டாம், குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.