மர்மம், திரில்லர், திகில்: முடிவு தெரிந்த பிறகும் எது தாங்கும்?

அலமாரியில் இடம் தீர்ந்துபோனதால், என்னிடமிருந்த மூன்று வகை நாவல்களில் எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. மர்ம நாவல்கள் பெரும்பாலும் தங்கிவிட்டன. திரில்லர்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. திகில் நாவல்களில் ஒரு சின்ன வரிசை மிஞ்சியது. ஏன் அப்படிப் பிரித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், நான் மர்ம நாவல் கட்சி.

மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். மர்ம நாவலில் குற்றம் நடந்து முடிந்துவிட்டது. யார், எப்படி, ஏன் என்று பின்னோக்கிப் போகிறோம். திரில்லரில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. தடுக்க முடியுமா என்று கதையோடு ஓடுகிறோம். திகில் நாவலில் ஆபத்து இன்னதென்றே பாதி நேரம் பிடிபடாது, பிடிபட்டாலும் தப்பிக்க வழி இருக்காது. கலப்படம் நிறைய உண்டு. தொடர் கொலைகாரனைத் தேடும் கதையை மூன்று வரிசையிலும் வைக்கலாம். அந்த எல்லைத் தகராறு இங்கே வேண்டாம்.

முதல் வாசிப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் திரில்லர்தான் ஜெயிக்கும். சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. பயணத்திலும் தூக்கம் வராத இரவிலும் அதை மிஞ்ச ஆளில்லை. மர்ம நாவல் ஆரம்பத்திலேயே பொறுமை கேட்கும். ஒரு வீடு நிறைய ஆட்களை அறிமுகப்படுத்தி, யார் யாருக்கு என்ன உறவு என்று நினைவில் வைக்கச் சொல்லும். சில நாவல்கள் வீட்டின் வரைபடத்தையே போட்டு, படித்துக்கொள் என்று நீட்டும். திகில் நாவலுக்கோ மனநிலையும் சூழலும் அமைய வேண்டும். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அது எடுபடாது.

ஆனால் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முடிவு தெரிந்த பிறகும் இதை மறுபடி எடுப்பேனா? எனக்கு இந்த ஒன்றுதான் தீர்மானமான விஷயம்.

இதில் மர்ம நாவல்தான் முதலில் தோற்கும் என்பது பொதுவான எண்ணம். கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்பார்கள். பதிப்பகங்களே அப்படி நினைத்ததுண்டு. 1929-இல் அமெரிக்காவின் ஹார்ப்பர் பதிப்பகம் ஒரு மர்ம நாவல் வரிசையைத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பகுதியும் காகிதப் பட்டையால் மூடி முத்திரையிடப்பட்டிருக்கும். முத்திரையை உடைக்காமல் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். புத்தகத்தின் உயிரே அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது என்ற கணக்கு அது. இலக்கிய விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். அகதா கிறிஸ்டியின் நாவல் ஒன்றில் கொல்லப்படுகிற ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்ற தொனியிலேயே தலைப்பு வைத்து, துப்பறியும் நாவல் வகையையே ஒதுக்கித் தள்ளி எழுதினார்.

நான் மாறுபடுவது இங்கேதான். மர்ம நாவலில் இரண்டு கதைகள் இருக்கின்றன: குற்றத்தின் கதை ஒன்று, விசாரணையின் கதை ஒன்று. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1966-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். முதல் தடவை படிக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது விசாரணை மட்டும். குற்றத்தின் கதை கடைசி அத்தியாயத்தில் சுருக்கமாகச் சொல்லப்படும், நாமும் ‘ஓ, அப்படியா’ என்று மூடிவைப்போம். இரண்டாம் தடவைதான் இரண்டு கதைகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தேநீர் ஊற்றிக்கொண்டே நாலு வார்த்தை ஆறுதல் சொல்கிற ஒருவரை முதலில் நல்ல மனிதராகப் பார்த்தோம். இப்போது அவர் ஏன் அந்த நேரத்தில் அந்த அறையில் இருக்க விரும்புகிறார் என்று தெரியும். ஒவ்வொரு உரையாடலுக்கும் அடியில் இன்னொரு உரையாடல் கேட்கும். முதல் வாசிப்பில் இது கிடைக்கவே கிடைக்காது.

அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட அந்த அக்ராய்ட் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. வந்த காலத்தில் வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. முடிவு தெரிந்த பிறகு அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே இருக்கும். அவசரப்பட்டு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது நாம்தான். வில்சன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: யார் கொன்றது என்பதில் எனக்கும் இரண்டாம் தடவை அக்கறை இல்லை. எப்படி என் கண்ணெதிரே மறைத்தார்கள் என்பதில்தான் அக்கறை.

அந்த மறைக்கும் வேலையில் சில நுட்பங்கள் திரும்பத் திரும்ப வரும். மேசைமேல் இருந்த பொருட்களை வரிசையாகச் சொல்லும்போது முக்கியமான பொருளை நடுவில் வைப்பார்கள். முதலும் கடைசியும் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவிவிடும். ஒரு துப்பைச் சொன்ன அடுத்த வரியிலேயே கதவு படாரென்று திறக்கும், அல்லது யாராவது மயங்கி விழுவார்கள். நம் கவனம் அங்கே ஓடிவிடும். சில நேரம் உண்மையை யாரும் நம்பாத ஆளின் வாயில் போடுவார்கள்: வாயாடி, குடிகாரர், எதையும் பெரிதாக்கிப் பேசும் கிழவி. எனக்குப் பிடித்தது, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போவது. 1892-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில் இரவில் நாய் குரைக்கவில்லை என்பதே துப்பு. நடக்காத ஒன்றை யார் குறித்து வைப்பார்கள்? இன்னொரு வழி, துப்பையும் அதற்கு அர்த்தம் தரும் தகவலையும் நூறு பக்க இடைவெளியில் வைப்பது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணமானவை. இவை எல்லாவற்றையும் இரண்டாம் வாசிப்பில்தான் நிதானமாக ரசிக்க முடிகிறது.

இதற்கெல்லாம் அடிப்படை, எழுத்தாளர் நேர்மையாக ஆடியிருக்க வேண்டும் என்பது. கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் நாவலாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிவாளர் கண்ட துப்பு உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், யாரும் கேள்விப்படாத விஷம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்று போகும். பாதி விளையாட்டு, பாதி வினை. எல்லரி குவீன் என்ற பெயரில் வந்த ஆரம்பகால நாவல்கள் கதையை நடுவே நிறுத்தி, துப்பெல்லாம் உன் கையில் இருக்கிறது, இப்போது நீ கண்டுபிடி என்று வாசகருக்கே சவால் விட்டன. அந்தக் காலத்தில் சிலர் புத்தகக் கடைசியில் எந்தத் துப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பட்டியல்கூடக் கொடுத்தார்கள். திரும்பிப் போய்ப் பார்க்கத் துணிந்து அழைக்கிற புத்தகம் அது. முத்திரையிட்ட புத்தகத்துக்கு நேர் எதிர்.

சரி, எல்லா மர்ம நாவலும் இப்படித் தாங்குமா என்றால், இல்லை. கடைசி இருபது பக்கத்தில் புதிதாக ஒரு தம்பியைக் கொண்டுவந்து அவர்தான் கொன்றார் என்கிற நாவலை ஒரு தடவை படிப்பதே அதிகம். குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொள்வதால் முடிகிற கதைகளும் அப்படியே. ரயில் நேர அட்டவணையை வைத்து அலிபியை, அதாவது குற்ற நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்ற வாதத்தை, உடைக்கும் வகையில் புதிர் கச்சிதமாக இருக்கும், ஆனால் ஆட்கள் மரப்பொம்மைகளாக இருப்பார்கள். அவற்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. மர்ம நாவல் கட்சி என்றாலும் குருட்டுப் பக்தி கிடையாது.

இப்போது திரில்லர். அதன் எந்திரம் ஒரே கேள்வியில் ஓடுகிறது: அடுத்து என்ன? பதில் கிடைத்ததும் அந்த அத்தியாயத்தின் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாம் தடவை எடுத்தால் பல நாவல்கள் சாறு பிழிந்த கரும்புச் சக்கைதான். முதல் தடவை விறுவிறுப்பாகத் தோன்றிய துரத்தல், இப்போது அடுத்த துரத்தலுக்குப் போகும் வழியாக மட்டும் தெரியும். நாயகனின் மனைவி, நண்பன், மேலதிகாரி எல்லோரும் கடத்தப்படவோ காட்டிக்கொடுக்கவோதான் இருக்கிறார்கள் என்பதும் அப்போது உறைக்கும். இன்னொரு பலவீனம், காலத்தோடு சீக்கிரம் பழசாவது. அந்தந்த வருடத்து அரசியல் பகையையும் கருவியையும் நம்பி எழுதிய கதையில், பகை தீர்ந்து கருவியும் மாறிவிட்டால் பதற்றம் பாதி போய்விடும். ஒரு கைபேசி இருந்தால் முடிந்துபோகிற நெருக்கடியை முந்நூறு பக்கம் நீட்டியிருப்பதை இன்று படிப்பது சிரமம்.

இதற்கு ஒரு பலமான மறுப்பும் இருக்கிறது. ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ 1971-இல் வந்தது. பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல 1963-இல் வாடகைக் கொலையாளி ஒருவன் அமர்த்தப்படுவதுதான் கதை. டி கோல் கொல்லப்படவில்லை, 1970-இல் தன் வீட்டில்தான் இறந்தார் என்பது உலகறிந்த செய்தி. முடிவு தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்று சில பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பின. ஆனால் நாவல் பெரும் வெற்றி பெற்றது. காரணம் அது கேட்கும் கேள்வி ‘நடக்குமா’ அல்ல, ‘எப்படி இவ்வளவு நெருங்கினான்’ என்பது. போலி பாஸ்போர்ட் வாங்கும் முறை, துப்பாக்கியைச் செய்யச் சொல்லும் விதம், அந்தப் பக்கம் போலீஸ் அதிகாரி ஒவ்வொரு பதிவேடாகப் புரட்டும் பொறுமை. இது மர்ம நாவல் தரும் இன்பத்துக்கு மிகவும் பக்கத்தில் வருகிறது. நான் வைத்துக்கொண்ட ஒன்றிரண்டு திரில்லர்களும் இந்த ரகம்தான்.

முடிவு தெரிந்தால் சுவை கெடாது என்று ஓர் ஆய்வும் உண்டு. 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள்தான் கதைகளை மொத்தத்தில் கூடுதலாக ரசித்ததாக அவர்கள் சொன்னார்கள். அந்தக் கதைகளில் மர்மக் கதைகளும் இருந்தன. என் கட்சிக்குச் சாதகமான செய்திதான், ஆனாலும் இதை ரொம்பத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். பின்னால் வந்த ஆய்வுகளில் எதிர் முடிவும் கிடைத்திருக்கிறது. தவிர, சிறுகதை வேறு, முந்நூறு பக்கத் திரில்லர் வேறு.

திகில் விஷயத்தில் என் பேச்சை அப்படியே நம்பிவிடாமல் கேளுங்கள். நான் படித்தவை பெரும்பாலும் பேய் வீடு, சந்தேகம், மௌனம் வகை. ரத்தமும் சதையுமாக எழுதப்படுகிறவற்றில் ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டு விலகியவன். அண்டவெளிப் பயங்கரம் என்று ஒரு பெரிய கிளை இருக்கிறது, அதிலும் என் அனுபவம் சொற்பம். அந்த வகைகள் இரண்டாம் வாசிப்பைத் தாங்குமா என்று நான் தீர்ப்புச் சொல்வது முறையாக இருக்காது.

படித்த அளவில் ஒன்று சொல்லலாம். திடுக்கிட வைப்பதையே நம்பிய கதை முதல் தடவையோடு தீர்ந்துவிடுகிறது. காட்டாமல் விட்டதை நம்பிய கதை தீர்வதில்லை. திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் எழுதி, அவர் இறந்த பிறகு 1826-இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்தப் பிரிவு இருக்கிறது: தெளிவில்லாத அச்சம் மனதை விரிக்கும், நேரில் காட்டிய கோரம் அதை உறைய வைக்கும் என்கிறார். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ இன்றுவரை இரண்டு விதமாகப் படிக்கப்படுகிறது. ஆவிகள் நிஜமாகவே வருகின்றனவா, கதையைச் சொல்கிற, குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் வீட்டு ஆசிரியையின் மனம் உண்டாக்கியவையா? பிந்திய கருத்தை 1934-இல் வலுவாக வாதிட்டவர் அதே எட்மண்ட் வில்சன். துப்பறியும் நாவலில் விடை தேடுவதைக் கேலி செய்தவர், இங்கே ஒரு துப்பறிவாளரைப் போலவே வரி வரியாகச் சாட்சியம் திரட்டினார் என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு. ஷெர்லி ஜாக்சன் 1959-இல் எழுதிய ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலிலும் கதவுக்கு வெளியே தட்டுவது எதுவென்று காட்டவே மாட்டார். என்னிடம் மிஞ்சிய வரிசை இந்த மாதிரிப் புத்தகங்கள்தான். என்றாலும் இவற்றை அடிக்கடி எடுக்க முடிவதில்லை. மனம் சோர்ந்திருக்கும் வாரத்தில் மர்ம நாவல் துணைக்கு வரும், இவை வராது. அது என் சுபாவமாகவும் இருக்கலாம்.

ஆகவே புதிதாக வாங்கும்போது திரில்லரை இரவல் வாங்கியோ மின்னூலாகவோ படித்துக்கொள்கிறேன், மர்ம நாவலைக் காகிதத்தில் வாங்குகிறேன். இதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ‘இது எங்கேயோ வந்ததே’ என்று முன்னும் பின்னும் புரட்ட அச்சுப் புத்தகம்தான் வசதி. ஒலிப்புத்தகத்தில் திரில்லர் பிரமாதமாக ஓடும், மர்ம நாவல் தடுமாறும். நடுவில் ஒளித்த துப்பு காதில் விழாமலே போய்விடும்.

என் சாய்வை நம்பாதவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். முடிவு நன்றாக நினைவிலிருக்கும் ஒரு மர்ம நாவலை எடுங்கள். முழுவதும் வேண்டாம், குற்றம் நடந்து விசாரணை சூடுபிடிக்கும் வரை போதும். குற்றவாளி வாய் திறக்கும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். அடுத்து, அதே காலத்தில் படித்த ஒரு திரில்லரின் முதல் மூன்று அத்தியாயங்களை எடுங்கள். எதைக் கீழே வைக்கிறீர்கள் என்று பாருங்கள்.